பாபா யாகாவின் உருவம்: இவான் பிலீபினின் கதைப்படங்களை நாட்டார் வழக்காற்றியல் ஏன் வாசிக்க வேண்டும்?

தமிழில் நாட்டார் கதையாய்வு வளர்ந்த வரலாற்றில் உருசிய அறிஞர் விளாதிமிர் பிராப்புக்குத் தனியிடம் உண்டு. 1928இல் வெளிவந்த அவரது கதை உருவியல் நூலின் 31 செயல்களையும் 7 வகைக் கதைமாந்தரையும் பொருத்திப் பார்க்காத நாட்டார் கதை ஆய்வேடு நம் பல்கலைக்கழகங்களில் அரிது. ஆனால், பிராப்பு தம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட அதே கதைகள், அவர் சிறுவராக இருந்த காலத்திலேயே அவர் பிறந்த அதே பீட்டர்சுபர்க்கு நகரில், வண்ணப் படங்களோடு அச்சாகிக் குழந்தைகளின் கைகளில் இருந்தன என்பதை நாம் கருதிப் பார்ப்பதில்லை. அப்படங்களை வரைந்தவர் இவான் யாகவ்லெவிச் பிலீபின் (1876–1942).

பிராப்பு கதைமாந்தரின் செயல்களை நிலையான கூறுகளாகக் கொண்டார். அவர்களது வயது, தோற்றம், உடை, உறைவிடம் ஆகியவற்றை மாறும் கூறுகளாக வகுத்து, உருவியல் ஆய்வின் மையத்திலிருந்து விலக்கிவைத்தார். ஓவியரின் நிலை இதற்கு நேர்மாறானது. செயலை மட்டும் வரைய எந்த ஓவியராலும் இயலாது. ‘உதவியாளர் மந்திரப் பொருளை வழங்குகிறார்’ என்று எழுதிவிடலாம். வரையவேண்டுமாயின் அந்த உதவியாளர் கிழவியா, கிழவரா, தலையில் கட்டிய துணி என்ன நிறம், பின்னால் நிற்கும் மரம் யாது என்பன அனைத்தையும் முடிவுசெய்தாக வேண்டும். உருவியலார் ஒதுக்கியவை யாவும் ஓவியருக்குக் கட்டாயமாகின்றன.

இதனால், நாட்டார் கதைக்கு வரையப்பட்ட படத்தை அணிகலனாகவோ பதிப்பாளரின் விற்பனை உத்தியாகவோ மட்டும் கருதுவது பிழை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. அதுவும் அக்கதையின் ஒரு வடிவமே. கதைசொல்லியின் பெயர், ஊர், பதிவுசெய்த நாள் ஆகியவற்றோடு ஒரு வாய்மொழி வடிவத்தை நாம் எவ்வாறு ஆவணப்படுத்துகிறோமோ, அவ்வாறே படவடிவத்தையும் அதன் காலம், இடம், சூழலோடு வாசிக்கவேண்டும். பிலீபினின் படைப்புகள் இதற்கு மிகப் பொருத்தமான சான்று. உருசிய நாட்டார் மனத்தின் நேர்வெளிப்பாடு என்று பலரும் போற்றும் அப்படங்கள், உண்மையில், மிகவும் திட்டமிட்டு ஆக்கப்பட்ட ஒரு விளக்கவுரை.

அரசு அச்சகத்திலிருந்து வந்த கதைகள்

கடற்படை மருத்துவரின் மகனாகிய பிலீபின் பீட்டர்சுபர்க்குப் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்றவர். உடன்நிகழ்வாக ஓவியமும் பயின்றார். 1898இல் மியூனிக்கில் ஆன்டன் அஷ்பேயின் பள்ளியில் சிறிது காலமும், பின்னர் தெனிஷேவா கோமாட்டியின் ஓவியக்கூடத்தில் இலியா ரேப்பினிடமும் கற்றார். 1899இல் பீட்டர்சுபர்க்கில் காட்சிக்கு வைக்கப்பட்ட விக்தர் வாஸ்நெத்சோவின் ‘மாவீரர் மூவர்’ ஓவியம் அவரை ஆட்கொண்டது. அவ்வாண்டுக் கோடையில் த்வேர் மாகாணத்தின் எக்னி என்னும் சிற்றூரில் தங்கி, காட்டையும் மரவீடுகளையும் கண்முன்னே கண்டு, கதைப்படங்கள் வரையத் தொடங்கினார்.

அப்படங்களை அச்சிட முன்வந்த நிறுவனம் எது என்பது நம் கவனத்துக்குரியது. அது குழந்தைநூற் பதிப்பகமன்று. பேரரசின் பணத்தாள்களையும் அரசுப் பத்திரங்களையும் அச்சிட்டுவந்த அரசுத்தாள் தயாரிப்பு நிறுவனம். அக்காலத்தில் உருசியாவில் கிடைத்த மிக நுட்பமான அச்சுத் தொழில்நுட்பம் அதனிடமே இருந்தது. 1901 முதல் 1903 வரை ஆறு கதைநூல்கள் அங்கிருந்து வெளிவந்தன. இவான் இளவரசனும் தீப்பறவையும் சாம்பல் ஓநாயும், தவளை இளவரசி, ஃபினிஸ்த் என்னும் வல்லூறின் இறகு, அழகி வசிலீசா, மாரியா மரேவ்னா, அல்யோனுஷ்காவும் தம்பி இவானுஷ்காவும் ஆகிய கதைகள் இவற்றில் அடங்கும். பெரிய அளவுத் தாளில் மெல்லிய ஏடுகளாக இவை அமைந்தன.

இக்கதைகளுக்கு மூலம் அலெக்சாந்தர் அஃபனாசியெவ் 1855 முதல் 1863 வரை எட்டுப் பகுதிகளாக வெளியிட்ட உருசிய நாட்டார் கதைத்தொகுப்பு. ஏறத்தாழ 600 கதைகளைக் கொண்ட அத்தொகுப்பில் அஃபனாசியெவ் தாமே நேரில் கேட்டுப் பதிவுசெய்தவை மிகச் சில. பெரும்பாலானவை உருசியப் புவியியற் கழகத்தின் ஆவணங்களிலிருந்தும் விளாதிமிர் தால் திரட்டியவற்றிலிருந்தும் எடுக்கப்பட்டவை. எனவே ஓவியரின் மேசைக்கு வருவதற்கு முன்பே, உழவரின் வாயிலிருந்து பதிவாளர், தொகுப்பாளர், பதிப்பாளர் எனப் பல கைகள் மாறியே கதை வந்திருக்கிறது. பிலீபினின் கை அவ்வரிசையில் இன்னொரு கை. ‘எழுத்துவடிவம் தூயது, படம் மட்டுமே பிற்சேர்க்கை’ என்னும் நிலைப்பாட்டுக்கு இங்கு இடமில்லை.

அவர் வரையும் முறையும் சூழலுக்கேற்ப உருவானதே. முதலில் கரிக்கோலால் முழுப் படத்தையும் திட்டமிட்டு, மெல்லிய படித்தாளில் எடுத்து, தடித்த வரைதாளுக்கு மாற்றி, பின்பு நுனி நறுக்கிய நுண்தூரிகையால் மைக்கோடு இழுப்பார். கோடு முழுவதும் முடிந்தபின் அதன் எல்லைக்குள் நீர்வண்ணத்தைத் தட்டையாக நிரப்புவார். நிழல்படிவும் வண்ணக் குழைவும் குறைவு. தயக்கமற்ற அந்தக் கோட்டுக்காக நண்பர்கள் அவரை ‘இரும்புக் கை இவான்’ என்று அழைத்தனர். தெளிவான எல்லைக்கோடும் தட்டையான வண்ணமும் அச்சுக்கு மிக இணக்கமானவை. அவரது நடை என்று நாம் வியப்பதில் ஒரு பகுதி அச்சகத்தின் தேவைக்கு அவர் தந்த விடை எனலாம்.

பறக்கும் யாகாவும் படுத்திருக்கும் யாகாவும்

அழகி வசிலீசாவின் கதைக்கு 1900இல் அவர் வரைந்த பாபா யாகாவின் படம் உலகெங்கும் பரவியது. மரத்தாலான உயர்ந்த உரலுக்குள் நின்றபடி, உலக்கையும் துடைப்பமும் ஏந்தி, நரைமுடி விரித்த கிழவியொருத்தி காட்டினூடே பறக்கிறாள். பின்னால் மரங்களின் அடிப்பகுதிகள். கீழே சிவந்த நச்சுக்காளான்கள். இன்று எந்த மொழியில் பாபா யாகா என்று சொன்னாலும், சொல்பவர் அறிந்தோ அறியாமலோ நினைவில் எழுவது பெரும்பாலும் இப்படமோ இதன் வழிவந்த படமோதான்.

படம் அக்கதைக்கு உண்மையாகவே இருக்கிறது. அஃபனாசியெவின் வசிலீசா கதையில் யாகா உரலில் ஏறி வருகிறாள், உலக்கையால் ஓட்டுகிறாள், துடைப்பத்தால் தன் தடத்தை அழிக்கிறாள். ஆகவே ஓவியர் பொய்யுரைத்தார் என்று யாரும் குற்றஞ்சாட்ட இயலாது. சிக்கல் வேறிடத்தில் உள்ளது.

வாய்மொழிக் கதைகளில் யாகாவுக்கு ஓர் உருவம் மட்டும் இல்லை. பல கதைகளில் அவள் பறப்பதே இல்லை. கோழிக்கால்மேல் நிற்கும் சிறு மரவீட்டுக்குள் மூலைக்கு மூலை நீண்டு படுத்துக்கிடக்கிறாள். அவள் கால் எலும்பு. மூக்கு கூரையைத் தொட்டு வளர்ந்திருக்கிறது. 1946இல் வெளிவந்த மாயக்கதைகளின் வரலாற்று வேர்கள் பற்றிய நூலில் பிராப்பு இந்தப் படுத்திருக்கும் யாகாவையே பற்றிக்கொண்டார். வீடு பெரிதா, அவள் பெரியவளா என்று தெரியாத அந்த நெருக்கத்தைச் சவப்பெட்டிக்குள் கிடக்கும் பிணத்தோடு ஒப்பிட்டு, யாகாவை இறந்தோருலகின் வாயிற்காவலாக விளக்கினார். சடங்குவழி இறப்பும் மறுபிறப்பும் பற்றிய அவரது கோட்பாடு முழுவதும் இந்த உடலின்மேல் நிற்கிறது.

இனி, பிலீபின் படத்தை மட்டும் கண்டு வளர்ந்த ஒருவரிடம் பிராப்பின் இவ்விளக்கத்தைச் சொல்லிப்பாருங்கள். அவருக்கு அது விளங்குவது கடினம். அவர் மனத்திலுள்ள யாகா சுறுசுறுப்பானவள்; காட்டில் விரைபவள்; மனித அளவினள். அசையாத, அளவு மீறிய, பிணம்போன்ற உடல் அவர் நினைவில் இடம்பெறவே இல்லை. ஒரு கதைக்கு உண்மையாக இருந்த படம், அனைத்துக் கதைகளின் யாகாவுக்கும் முகமாக நிலைபெற்றதனால் நிகழ்ந்த இழப்பு இது. கதைசொல்லி ஒவ்வொரு முறையும் மாற்றிச் சொல்லலாம். கேட்பவர் ஒவ்வொருவரும் தத்தம் அச்சத்துக்கேற்ப உருவம் புனையலாம். ஆயிரக்கணக்கில் அச்சான படம் மாறுவதில்லை.

இதற்கு முன்பும் யாகாவை வரைந்தனர் என்பதை நோக்கினால் இழப்பின் அளவு தெரியும். லூபோக் எனப்படும் மலிவு விலை மரக்கட்டை அச்சுப்படங்கள் 18ஆம் நூற்றாண்டில் உருசியச் சந்தைகளில் விற்கப்பட்டன. அவற்றுள் ஒன்றில் யாகா பன்றிமீது ஏறி, முதலையோடு போரிடச் செல்கிறாள். அங்கே காடும் இல்லை, பறக்கும் உரலும் இல்லை. அப்படத்தின் உட்பொருள் யாதென அறிஞரிடையே கருத்துவேறுபாடு உண்டு. நமக்கு வேண்டிய செய்தி, யாகாவின் உருவம் அப்போது இன்னும் கட்டுறாமல் இருந்தது என்பதே. அதனைக் கட்டியதில் பிலீபினுக்குப் பெரும்பங்கு உண்டு.

இன்னொன்றையும் சுட்டவேண்டும். கதையில் யாகாவின் வருகை முதலில் ஒலியாக வருகிறது. காடு இரைகிறது, மரங்கள் முறிகின்றன, சருகுகள் நொறுங்குகின்றன; அதன்பின்னரே அவள் தோன்றுகிறாள். படத்தில் மரங்கள் அசைவின்றி நிற்கின்றன. ஒலியை வரைய இயலாது என்பது ஓவியரின் குற்றமன்று. ஆயினும், வாய்மொழிக் கதை செவிக்கு உரியது என்று ஓயாமல் எழுதும் நாம், செவிக்குரியது கண்ணுக்கு மாறும் அந்தக் கணத்தை ஆராயாமல் விடுவது பொருந்தாது.

மூன்று குதிரைவீரரும் ஒரு பொம்மையும்

இழப்பை மட்டும் பேசுவது நேர்மையாகாது. அதே கதையில் படம் சொல்லை விஞ்சும் இடமும் உண்டு. யாகாவின் வீட்டை நோக்கி நடக்கும் வசிலீசாவை வெண்ணிற வீரன், செந்நிற வீரன், கருநிற வீரன் என மூவர் குதிரையில் கடந்துசெல்கின்றனர். அவர்கள் பகலும் கதிரவனும் இரவும் என்பதைப் பின்னால் யாகாவே விளக்குகிறாள். கதையில் அவர்கள் ஓரிரு தொடர்களில் வந்து மறைபவர்கள். பிலீபின் ஒவ்வொருவருக்கும் தனிப்படம் தந்தார். மூன்றையும் அடுத்தடுத்துக் காணும் குழந்தை, விளக்கம் வருவதற்கு முன்னரே காலம் கடப்பதை நிறங்களால் உணர்ந்துவிடுகிறது. மும்முறை அடுக்கு என்பது நாட்டார் கதையின் அடிப்படை விதிகளுள் ஒன்று. அவ்விதியைப் பக்க அமைப்பாக மாற்றிய கை, கதைசொல்லியின் கலையை அறிந்த கை.

ஆனால் கதையின் உயிர்நாடி வேறொரு பொருளில் இருக்கிறது. இறக்கும் தாய் மகளுக்குத் தந்துசெல்லும் சிறு பொம்மை அது. உணவூட்டினால் அறிவுரை சொல்லும், வேலைகளைச் செய்துமுடிக்கும். வசிலீசா அதைப் பையில் மறைத்தே வைத்திருக்கிறாள். கண் ஒளிரும் மண்டையோட்டைக் கோலில் ஏந்தி அவள் யாகாவின் வேலியைக் கடந்துவரும் புகழ்பெற்ற படத்தில் மண்டையோடு தெரிகிறது, பொம்மை தெரியவில்லை. பைக்குள் இருப்பது எப்படித் தெரியும்? அச்சுறுத்துவது கண்ணுக்கு எட்டுகிறது, காப்பாற்றுவது எட்டுவதில்லை. பெண்ணிய நோக்கில் இக்கதையை ஆராய்வோர் தாய்–மகள் உறவின் குறியீடாகப் பொம்மையை முன்வைக்கின்றனர். நூலட்டைகளோ மண்டையோட்டையே முன்வைக்கின்றன. இவ்விரண்டுக்கும் இடையிலான இடைவெளி ஓர் ஆய்வேட்டுக்குப் போதுமான பொருள்.

களப்பணியும் கட்டிய பழைமையும்

பிலீபின் வீட்டிலிருந்தபடி கற்பனை செய்தவர் அல்லர். 1902 முதல் 1904 வரை, மூன்றாம் அலெக்சாந்தர் அருங்காட்சியகத்தின் இனவரைவியல் பிரிவுக்காக வோலக்தா, அர்ஹாங்கெல்ஸ்க், ஒலோனெத்ஸ் முதலிய வடபுல மாகாணங்களில் பயணம் செய்தார். மரத்தாலான தேவாலயங்களை ஒளிப்படம் எடுத்தார்; பூத்தையல் துணிகளையும் பழைய உடைகளையும் மரச்செதுக்கு வேலைகளையும் திரட்டினார். வடபுல மக்கள்கலை பற்றி அவர் எழுதிய கட்டுரை 1904இல் ‘கலையுலகம்’ இதழில் வெளியாயிற்று. பழைய உருசியாவின் கலைச்செல்வத்தை, அமெரிக்காவைக் கண்டறிந்ததுபோல், நாம் அண்மையில்தான் கண்டறிந்தோம் என்பது அதில் அவர் சொல்லும் கருத்து. தூசும் பாசியும் படிந்த நிலையில் அது கிடைத்தது என்னும் வருத்தமும் அதில் உண்டு.

‘கண்டறிதல்’ என்னும் அந்தக் கருத்தே நம்மை எச்சரிக்க வேண்டும். ஒரு பொருளைப் பயன்படுத்துவோர் அதைக் கண்டறிவதில்லை. வெளியிலிருந்து வருபவரே கண்டறிகிறார். பயணத்துக்குப் பின் பிலீபினின் படங்களில் நுண்விவரங்கள் பெருகின. சாளரச் சட்டம், தூண், தலையணி, முந்தானைக் கரை என ஒவ்வொன்றும் களத்தில் கண்டவை. ஆயின் அவை ஒன்றுசேர்ந்த விதம் அவருடையது. 19ஆம் நூற்றாண்டு உழவர் வீட்டுப் பூத்தையலும் 17ஆம் நூற்றாண்டுப் பிரபுக்களின் நீண்ட அங்கியும் ஒரே பக்கத்தில் கூடுகின்றன. பீட்டர் மன்னரின் மேற்கத்திய மாற்றங்களுக்கு முந்திய, காலம் குறிப்பிட இயலாத ஓர் உருசியா இவ்வாறு உருவாகிறது. கதைசொல்லிய உழவர் அதனுள் வாழ்ந்தவர் அல்லர்.

1905இல் வெளியான புஷ்கினின் சால்தான் மன்னன் கதைக்குரிய படங்களில் இக்கலவை இன்னும் விரிகிறது. அரசியும் குழந்தையும் அடைபட்ட பீப்பாய் கடலில் மிதக்கும் காட்சியில் எழும் அலை, சப்பானிய ஓவியர் ஹொகுசாயின் பேரலையை நினைவூட்டுவதைப் பலரும் சுட்டியுள்ளனர். உருசியத் தன்மையின் உச்சம் என்று போற்றப்படும் பக்கத்தில் சப்பானியக் கடல் பொங்குகிறது. இதைக் களங்கம் என்று கொள்ளவேண்டியதில்லை. நாட்டார் கதைகளே எல்லை கடந்து பயணிப்பவை என்பதைக் கதைவகை அடைவுகளின்வழி அறிந்த நாம், படம் மட்டும் தூய மண்வாசனையோடு இருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது முரண்.

இக்கட்டுரையாளரின் மறுப்பு பிலீபின்மீதன்று. அவரது படங்களைச் சான்றாதாரமாகக் கையாளும் போக்கின்மீதே. உருசிய உழவர் உடையைப் பற்றி எழுதுவோர் அவரது கதைப்படத்தைக் காட்டி ‘இவ்வாறு உடுத்தினர்’ என்று கூறுவது, காப்பியத்தின் நகரவருணனையைக் கொண்டு தெருவின் அகலத்தை அளப்பதற்கு ஒப்பாகும். அவர் எடுத்த ஒளிப்படங்கள் இனவரைவியல் சான்றுகள். கதைப்படங்கள் அச்சான்றுகளிலிருந்து அவர் எழுதிய உரை. ஒருவரே இரண்டையும் செய்தார் என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடா.

கழுதைக்கு இட்ட சட்டகம்

பிலீபினின் பக்கங்களில் படத்தைச் சூழ்ந்துள்ள அலங்கார விளிம்பைப் பெரும்பாலோர் அழகு என்று கடந்துபோகின்றனர். அவ்விளிம்பு என்ன செய்யவல்லது என்பதை அவரே ஒருமுறை காட்டினார். 1905ஆம் ஆண்டுப் புரட்சிக் கொந்தளிப்பின்போது தோன்றிய ‘ஷூப்பெல்’ என்னும் அங்கத இதழில், 1906 தொடக்கத்தில், ஒரு கழுதையின் படத்தை வரைந்தார். மன்னரின் உருவப்படத்துக்குரிய அரசச் சின்னங்களும் வேலைப்பாடுகளும் நிறைந்த சட்டகம். நடுவில், அறிவியல் நூற்படம்போல் அமைதியாக நிற்கும் கழுதை. இயற்கை அளவில் இருபதில் ஒரு பங்கு என்னும் குறிப்பு. கழுதையில் நகைப்புக்கு ஒன்றுமில்லை. சட்டகமே குற்றம் புரிந்தது. இதழ் நிறுத்தப்பட்டது, ஓவியர் ஒருநாள் காவலில் வைக்கப்பட்டார்.

அரசின் அச்சகத்தில் அரசிளங்குமரர்களைச் சூழ்ந்த அதே அலங்காரக் கலை, ஐந்தாண்டுகளுக்குள் அரசை எள்ளும் கருவியாயிற்று. அடுத்து அவர் வரைந்த பொற்சேவல் கதையில், சோம்பேறி மன்னன் ததோன் ஆடம்பரமான பட்டாடையில் தடுமாறுவதை இப்பின்னணியில் காணவேண்டும். அதே கதையை ரீம்ஸ்கி-கோர்சகோவ் இசைநாடகமாக்கி, அது 1909இல் மாஸ்கோவில் முதன்முதலாக மேடையேறியபோது அரங்க அமைப்பை வரைந்தவரும் பிலீபினே. தணிக்கையாளர்கள் சொற்களைத் திருத்தினர்.

பிற்கால வாழ்வைச் சுருங்கக் கூறலாம். 1917இல் இடைக்கால அரசுக்காக மணிமுடியற்ற இருதலைக் கழுகை வரைந்தார். சோவியத் ஒன்றியம் சிதைந்தபின் அக்கழுகு உருசிய மைய வங்கியின் நாணயங்களில் இடம்பெற்றது. 1920இல் நாட்டைவிட்டு எகிப்துக்கும், 1925இல் பாரிசுக்கும் சென்றார். 1936இல் லெனின்கிராடுக்குத் திரும்பிக் கலைக் கழகத்தில் கற்பித்தார். செருமானியர் நகரை முற்றுகையிட்டபோது வெளியேறாமல் தங்கி, 1942 பிப்ரவரி 7ஆம் நாள் பட்டினியால் இறந்தார். கழகப் பேராசிரியர்களுக்கான பொதுக்குழியில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

தமிழுக்கு வந்த சொல்லும் படமும்

இவற்றையெல்லாம் தமிழாய்விதழில் எழுதவேண்டிய தேவை என்ன என்னும் வினா எழலாம். உருசியக் கதைப்படம் தமிழ் வாசகருக்கு அயலானதன்று. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும், 1982இல் அதிலிருந்து பிரிந்த ராதுகா பதிப்பகமும் தமிழில் நூல்களை அச்சிட்டன. நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தின்வழி அவை தமிழகமெங்கும் குறைந்த விலையில் கிடைத்தன. அவற்றுள் சிறுவர் நூல்களும் நாட்டார் கதைகளும் உண்டு. பிலீபினுக்குப் பின்வந்த தலைமுறைகளின் ஓவியர் பலரது கை அந்நூல்களில் உள்ளது. பிலீபின் அமைத்த யாகா, அவர் அமைத்த மரவீடு, அவர் அமைத்த காடு ஆகியவற்றை ஏற்றோ மறுத்தோதான் அவர்கள் வரையவேண்டியிருந்தது.

மாஸ்கோவிலிருந்து மொழிபெயர்த்த பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா முதலியோரின் பணி பற்றி நம்மிடையே கட்டுரைகள் உள்ளன. அவை சொல்லை மட்டும் நோக்குகின்றன. ஆனால் அந்நூல்களைத் திறந்த தமிழ்க் குழந்தை இரண்டு மொழிபெயர்ப்புகளை ஒருங்கே எதிர்கொண்டது. யாகாவின் ஊர்தி தமிழில் ‘உரல்’ ஆகிறது. உரல் என்றதும் நம் முற்றத்துக் கல்லுரல் மனத்தில் வருகிறது. இடிப்பவர், இடிபடும் நெல், உலக்கைப்பாட்டு எல்லாம் உடன்வருகின்றன. பக்கத்தில் படமோ ஆளுயர மரத்தாழியைக் காட்டுகிறது. ‘குடிசை’ என்னும் சொல் ஓலைக்கூரையை நினைவூட்ட, படம் உருண்டை மரத்துண்டுகளை அடுக்கிக் கட்டிய பனிநாட்டு வீட்டைக் காட்டுகிறது. சொல் கதையை அண்மைப்படுத்துகிறது. படம் தொலைவைக் காக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே வாசகர் செய்துகொள்ளும் உடன்பாட்டை நம் மொழிபெயர்ப்பியல் இன்னும் கணக்கில் கொள்ளவில்லை.

இதற்கு மறுப்பு ஒன்று உண்டு. படம் தனியோவியரின் படைப்பு. நாட்டார் வழக்காறு குழுவின் சொத்து. எனவே முன்னதைக் கலைவரலாற்றுத் துறைக்கு விட்டுவிடலாம் என்பர். இம்மறுப்பில் நியாயம் இல்லாமலில்லை. எனினும் அளவுகோல் ஒன்றாக இருக்கவேண்டும். வசிலீசா கதையின் நீண்ட, மெருகேறிய நடையில் எழுத்தறிந்த கையொன்றின் தடம் இருப்பது வெளிப்படை. அதனை நாட்டார் கதையாக ஏற்றுக்கொண்டு, அதே கதையின் படத்தைத் தனியாள் படைப்பு என்று தள்ளுவது, பழக்கத்தின் விளைவேயன்றிக் கோட்பாட்டின் விளைவன்று. மேலும், ஒரு தலைமுறை கதையை முதலில் எவ்வடிவில் பெற்றது என்பதும் வழக்காற்றியலின் வினாவே. அச்சுநூல் வழியாகக் கதை பெற்ற குழந்தை, அதை மீண்டும் தம்பிக்கோ தங்கைக்கோ சொல்லும்போது, படத்தில் கண்டதைச் சொல்லாமல் இருப்பதில்லை. காளானும் மரங்களும் அப்போது வாய்மொழிக்குள் நுழைகின்றன.

செய்யத்தக்கது ஒன்று உடனடியாக உண்டு. இக்கட்டுரையாளர் பார்வையிட்ட நூலக அட்டவணைகளில் சோவியத் தமிழ்ச் சிறுவர் நூல்களுக்கு நூற்பெயர், ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், பதிப்பகம், ஆண்டு எனக் கட்டங்கள் இருந்தன. ஓவியருக்குக் கட்டம் இல்லை. நூல்களைக் கையிலெடுத்துப் பார்த்தால், பலவற்றின் முகப்புப் பக்கத்திலோ பதிப்புக் குறிப்பிலோ ஓவியர் பெயர் தமிழிலேயே அச்சாகியிருக்கிறது. அந்நூல்களின் தாள் பழுப்பேறி வருகிறது. அட்டைகளும் முதற்பக்கங்களும் முதலில் கிழிகின்றன. பெயர் இருக்கும் இடமும் அதுவே. பல்கலைக்கழக நூலகங்களிலும் தனியார் சேகரிப்புகளிலும் எஞ்சியுள்ளவற்றைக் கண்டு, ஓவியர் பெயருடன் கூடிய அடைவு ஒன்றைத் தொகுக்க ஓர் ஆய்வாளருக்கு இரண்டாண்டுகள் போதும். முனைவர்ப்பட்டத்துக்குத் தலைப்புத் தேடி வருவோரிடம் நெறியாளர்கள் இதனைப் பரிந்துரைக்கலாம். முதற்பக்கம் கிழியாத படிகள் இன்னும் கிடைக்கின்றன.